இன்ச்சக்காவும் மூன்று நாள் வரிசையும்

வாயில் நாலு குண்டூசி இருந்தால்தான் இன்ச்சக்காவுக்குப் பேச்சே வரும். ஊசிகளை உதட்டின் ஒரு ஓரத்தில் கவ்விக்கொண்டு, மறு ஓரத்தால் ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசித் தீர்ப்பார். வேலை முடிந்து ஊசிகள் டப்பாவுக்குள் திரும்பிவிட்டால் ஆள் ஊமை. "பேசறப்ப உள்ள போயிடப் போகுதுக்கா" என்று நான் பயந்தால், "முப்பது வருஷமா போகாதது நீ கண்ணு வெச்சுத்தான் போகணும். நேரா நில்லு. தொப்பையை உள்ள இழுக்காத, இழுத்தா அளவு பொய் சொல்லும்" என்பார்.

பழைய உடுப்பைப் பிரித்துத் திருத்தித் தருவது அவர் தொழில். புதுசாக எதையும் தைக்க மாட்டார். ஒரு பெரிய கட்டடத்தின் தரைத்தளத்தில், படிக்கட்டுக்கும் சலவைக்கடைக்கும் நடுவில் அவர் கடை. இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, உடுப்பு மாற்ற ஒரு திரை. அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எனக்கு வேலை. வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போடுகிறேன். நான் என் மேஜையில் இருப்பதைவிட அக்கா கடை ஸ்டூலில் இருக்கும் நேரம்தான் அதிகம் என்று என் மேலதிகாரி புகார் சொல்வார். அதை அவதூறு என்று சொல்ல முடியாது.

பெயருக்குக் காரணம் இருக்கிறது. எதையும் அவர் இன்ச்சில்தான் அளப்பார். "மனுஷன் நல்லவர்தான், பேச்சுதான் ரெண்டு இன்ச் நீளம்" என்பார் ஒருவரைப் பற்றி. "எங்க வீட்டுக்காரர் கோபம் கால் இன்ச்தான். ஆனா இஸ்திரி போட்டாலும் போகாது." இந்த நகரத்தில் உள்ள நம் ஆட்கள் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கடைக்கு வரும் உள்ளூர்க்காரர்கள்கூட அதைத்தான் அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்துக் கூப்பிடுகிறார்கள். அவரும் திருத்துவதில்லை.

ஒரு ஆளின் ஜாதகத்தை உடுப்பிலேயே படித்துவிடுவார். "இந்த ஆளு இப்பல்லாம் நிக்கறதே இல்ல, முட்டி தேயல, பின்பக்கம்தான் தேயுது" என்று என் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்து என்னிடமே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு சட்டம் உண்டு. "பெருசாக்கிக் குடுங்கன்னு வர்றவங்கிட்ட என்ன வேணா கேளு, சிரிப்பாங்க. சின்னதாக்கணும்னு வர்றவங்கிட்ட மட்டும் ஒண்ணும் கேக்கக் கூடாது."

இந்த நாட்டுக்கு வந்து அவருக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. உள்ளூர்ப் பாஷையில் முப்பது வார்த்தை தெரியும். அதில் இருபத்தைந்து உடுப்பைச் சேர்ந்தவை: நீளம், இறுக்கம், திரும்பு, கையைத் தூக்கு, தள்ளி நில், நாளைக்கு வா. மீதி ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்திவிட்டார். அதற்கு மேல் தேவைப்பட்டால் மாடியிலிருந்து என்னைக் கூப்பிடுவார்.

அன்று காலையும் நான் அங்கேதான் இருந்தேன். என் கால்சட்டையின் இடுப்புத் தையலை அவர் பிரித்துக்கொண்டிருந்தார். நான் திரைக்குப் பின்னால் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்துச் சலவைக்கடை டிவியில் திடீரென்று பாட்டு நின்றது. இந்த நாட்டை நெடுங்காலம் ஆண்டு, பிறகு ஓய்ந்து, முதுமையில் படுத்திருந்த தலைவர் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். சலவைக்காரர் கையில் இருந்த சட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

நான் செய்தியை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, அக்கா எழுந்து ஷட்டரைத் தடாலென்று கீழே இழுத்துவிட்டார். விளக்கையும் அணைத்தார். போனை எடுத்து வீட்டுக்காரருக்குப் பேசினார். "என்னங்க, இருக்கிற பாலையெல்லாம் காய்ச்சி வெச்சுக்குங்க. மெழுகுவத்தி இருக்கா பாருங்க. ஜன்னல் பக்கம் நிக்காதீங்க." பிறகு என்னிடம், "நீயும் கிளம்பு தம்பி, பஸ்ஸு நிக்கறதுக்குள்ள போயிடு" என்றார். எப்படிக் கிளம்புவது? என் கால்சட்டை மிஷின் மேல் இரண்டாகக் கிடந்தது.

அக்காவைப் பார்த்து நான் சிரித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நானும் என் மனைவிக்குப் போன் போட்டு, அரிசி இருக்கிறதா, காரைத் தெருவிலிருந்து எடுத்து உள்ளே விடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாங்கள் வளர்ந்த ஊரில் பெரிய தலைவர் ஒருவர் செத்தால் முதல் கல் கடைக் கண்ணாடிக்கு, இரண்டாவது பஸ்ஸுக்கு. துக்கத்தைக் கல்லால்தான் தெரிவிப்பார்கள். அது எங்கள் எலும்பில் ஊறிய பாடம். கடல் கடந்து வந்தாலும் எலும்பைக் கழற்றி வைத்துவிட்டா வருகிறோம்?

இருட்டுக் கடைக்குள் அரைமணி நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணாடி உடையவில்லை, கூச்சல் இல்லை. காலடிச் சத்தம் மட்டும் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது. அப்போது யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். மறுபடியும் தட்டல், விரல் முட்டியால், மரியாதையாக. அக்கா குனிந்து ஷட்டரின் அடி இடுக்கு வழியே பார்த்தார். "ஷூவுக்குப் பாலிஷ் போட்டிருக்கு" என்றார் கிசுகிசுப்பாக. "கல்லெறிய வர்றவன் பாலிஷ் போட்டுட்டு வருவானா?"

ஷட்டரைத் தூக்கினார். வயதான ஒருவர் கையில் கறுப்புக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷமாகப் போடாத கோட்டாம், பொத்தான் எட்டவில்லையாம், தலைவரைப் பார்க்கப் போக நாளைக்குள் வேண்டுமாம். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பேர், ஆளுக்கொரு கறுப்பு உடுப்போடு, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றிருந்தார்கள். கடை சாத்தியிருக்கிறதே என்று அவர்கள் போகவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா ஊரு இது!" வாயில் ஒரு ஊசிகூட இல்லாமல் அவர் பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் அந்தக் கடைக்குள், ஒன்றைத் தவிர, வேறு நிறமே வரவில்லை. கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, கறுப்புச் சால்வை. ஒரு நாடே கடைசி துக்கத்துக்குப் பிறகு எவ்வளவு பருத்திருக்கிறது என்பது இன்ச்சக்காவுக்குத்தான் தெரியும். "சுகமாத்தான் வெச்சிருந்திருக்காரு மனுஷன். ஒருத்தருக்கும் பழசு எட்டல பாரு" என்றார். அதைவிட நல்ல இரங்கல் உரையை நான் எந்தப் பத்திரிகையிலும் படிக்கவில்லை.

தலைவரின் உடலை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பார்க்கப் போகிறவர்களின் வரிசை முதல் நாள் பாலத்தின் மேல் நின்றது. இரண்டாம் நாள் காலை பாலத்தைத் தாண்டி, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, கடைக்கு எதிர்ச்சாரி ஓரமாகப் போய், அந்தப் பக்கம் முனை திரும்பியும் முடியாமல் நீண்டது. அக்கா மிஷினை வாசல் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்புறம் அவர் கண் ஊசியில் பாதி, தெருவில் பாதி.

நானும் பார்த்தேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எட்டு மணி நேரம் நின்று எட்டு நொடி பார்ப்பதற்கு மனிதர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கால் வலித்தவர் ஓரமாகப் போய் உட்கார்ந்தால் அவருடைய இடத்தில் ஒரு பை இருந்தது. பை நகர்ந்து நகர்ந்து போயிற்று, முன்பின் தெரியாதவர்கள் அதைக் காலால் தள்ளாமல் கையால் தூக்கி வைத்தார்கள். கர்ப்பிணி ஒருத்தியைப் பார்த்ததும் யாரும் எதுவும் சொல்லாமலே வரிசை அவளை முன்னால், இன்னும் முன்னால் என்று அனுப்பிக்கொண்டே இருந்தது. காவலுக்கு வந்த போலீஸ்காரருக்கு வேலையே இல்லை. ஒரு அம்மாளின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

சத்தம் போட்டு யாரும் அழவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. நடந்துகொண்டே இருப்பார்கள், திடீரென்று ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அழுவாங்கன்னு பாத்தா நிக்கிறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நிக்கிறதுதான் அழுகை போலிருக்கு" என்றார்.

"நாமளும் போய்ப் பாத்துட்டு வருவோமாக்கா?" என்று கேட்டேன்.

"நீ போ. எந்தத் தலைவனுக்கும் நான் போய் நிக்க மாட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. வாயில் ஊசி இருந்ததால் அவராகவே சொன்னார். அவருக்குப் பதினாலு வயதில் அப்பா இறந்தார். நோயில் கிடந்தவர், விடிகாலையில் போய்விட்டார். அதே விடிகாலையில்தான் ஊரின் தலைவரும் போனார். பஸ் இல்லை, உறவு வரவில்லை. பூக்கடை எல்லாம் அடைப்பு. இருந்த பூவெல்லாம் தலைவர் படத்துக்குப் போய்விட்டது. தெருவே ஒப்பாரி வைத்தது, ஆனால் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு.

"நாலு பேரு தூக்கிட்டுப் போனாங்க. தெருமுனை வரைக்கும் நானும் பின்னால போனேன். அங்க மௌன ஊர்வலம்னு பேரு, மௌனத்தைத் தவிர எல்லாம் இருந்துச்சு. எங்க மாமா போய் வழி கேட்டாரு. 'எங்க தலைவரே போயிட்டாரு, உனக்கு உன் மச்சான் பெருசா'ன்னு கன்னத்துல ஒண்ணு விட்டாங்க. சட்டை கிழிஞ்சுடுச்சு. எங்கப்பாவ ரோட்டோரத்துல, சாக்கடை பக்கத்துல இறக்கி வெச்சுட்டு, அவங்க போய் முடிக்கிற வரைக்கும் நின்னோம். ஒண்ணரை மணி நேரம், தம்பி. நான் ஈ ஓட்டிட்டு இருந்தேன்." மிஷினை ஓட்ட ஆரம்பித்தார். "அதுக்கப்புறம் எந்தத் தலைவன் செத்தாலும் எனக்கு ஒரு சொட்டு வரல. வராது."

அன்று மத்தியானம் ஒரு அம்மாள் வந்தார். நரைத்த தலை, வீட்டில் போடும் செருப்பு. கையில் ஒரு கோட்டும் கால்சட்டையும். கறுப்பு இல்லை, கருநீலம். சின்னதாக்க வேண்டும் என்றார். கூட்டத்து அவசரத்தில் அக்கா தன் சட்டத்தைத் தானே மறந்துவிட்டார். "வரிசைக்கா? எப்ப வேணும்னு கேளு" என்றார் என்னிடம்.

வரிசைக்கு இல்லை என்றார் அந்த அம்மாள். அவருடைய கணவருக்காம். கடைக்கு எதிரே உள்ள முட்டுச்சந்தில்தான் வீடு. தலைவர் போன அன்று காலையில் அவரும் போய்விட்டாராம்.

அக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "அதே காலையிலயா? நல்லாத் திருப்பிக் கேளு." திருப்பிக் கேட்டேன். அதே காலைதான். கணவர் லிப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்து லிப்டைக்கூட அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ரயிலில் இடமில்லை, எல்லா ரயிலும் வரிசைக்கு வருகிறவர்களால் நிறைந்துவிட்டது. கடையில் பூவும் கிடைக்கவில்லை. இதையெல்லாம் அவர் ஒரு குறையாகச் சொல்லவே இல்லை. "உயிரோடு இருந்திருந்தால் அவரும் இந்த வரிசையில்தான் நின்றிருப்பார்" என்றார்.

நோயில் உடம்பு பாதியாகிவிட்டதால் கோட்டு தொளதொள என்று இருக்குமாம். பின்பக்கம் மடித்து ஊசி குத்திவிட்டால் போதும், படுத்திருக்கும்போது யாருக்குத் தெரியப் போகிறது என்று சவ அடக்கம் செய்கிறவர்கள் சொன்னார்களாம். நான் இதைத் தமிழில் சொன்னதும் அக்காவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ஊசி குத்தியா அனுப்புவாங்க? படுத்தா முதுகுல உறுத்தாது?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் அளவு வேண்டுமே. ஆள் வர முடியாது. அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, காற்றில் ஒருவரை அணைத்துக்கொள்வதுபோல் வளைத்துக் காட்டினார். கடைசி மாதம் தினமும் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்தவர். கைகள் எங்கே சந்திக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அக்கா டேப்பை எடுத்து அந்தக் கைகளின் உள்வட்டத்தை அளந்தார். எழுதிக்கொள்ளவில்லை. கறுப்பு மூட்டையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டுக் கருநீலத்தை மிஷினில் வைத்தார். சாயங்காலத்துக்குள், உள்துணி பிரித்து, தோள் இறக்கி, முழுசாகத் தைத்து, இஸ்திரி போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை. கடை திறக்கும் முன்பே வரிசை வந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து மேலதிகாரிக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா, "தம்பி, அங்க பாரு" என்றார். எதிர்ச் சந்துக்குள் ஒரு கறுப்பு வண்டி நின்றிருந்தது. முட்டுச்சந்து, வெளியே வர வழி ஒன்றுதான், அந்த வழியின் குறுக்கே வரிசை போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கித் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கவும் மனமில்லாமல், திரும்பவும் முடியாமல் நின்றார். வண்டியின் முன் சீட்டில் அந்த அம்மாள். அவசரமில்லை, இருக்கட்டும் என்பதுபோல் ஓட்டுநருக்குக் கையால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நேரமா நிக்குது அது?"

"கால் மணி நேரம் இருக்கும்க்கா."

அக்கா எழுந்தார். முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம்க்கா. போலீஸ்காரர் வரட்டும், நான் போய்ச் சொல்றேன்." மாமா வாங்கிய அறையை முந்தின நாள்தான் கேட்டிருந்தேன், அது என் கன்னத்திலும் எரிந்தது.

"அவரு வர்ற வரைக்கும் அந்தாளு ரோட்டுல கெடக்கணுமா? விடு."

தெருவைக் கடந்து போய் வரிசையின் முன்னால் நின்றார். ஐந்தடி உருவம், கழுத்தில் டேப். எதிரே ஒரு நாட்டின் துக்கம் முழுதும் நின்றுகொண்டிருந்தது. தன் முப்பது வார்த்தைக்குள் தேடினார். என் காதில் விழுந்ததை அப்படியே தருகிறேன். "ஒரு ஆள். இந்த வீடு. இன்று போகிறார்." அப்புறம், கடையில் அளவெடுக்கும்போது சொல்வாரே, அதே தொனியில்: "தள்ளி நில்."

அவருக்கு நேர் எதிரே உயரமான ஒருவர் இருந்தார். அவர் அக்காவைப் பார்த்தார். சந்துக்குள் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு பின்னால் ஓரடி எடுத்து வைத்தார். அடுத்தவர் வைத்தார். அதற்கடுத்தவர். ஒரு வண்டிக்கு இடம் கேட்டால் பத்து வண்டிக்கு இடம் விட்டது அந்த வரிசை. யார் என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். லிப்ட் மெக்கானிக் என்று ஓட்டுநர் சொன்னார். லிப்ட் மெக்கானிக், லிப்ட் மெக்கானிக் என்று அது வாய்க்கு வாய் இரண்டு பக்கமும் பரவிப் போவது எனக்குக் கேட்டது. அது போகப் போகத் தொப்பிகள் இறங்கின. தெருமுனை வரை இறங்கின. பாலத்தின் மேல், வண்டி கண்ணுக்கே தெரியாத தூரத்தில் நின்றவர்களும் தலை குனிந்தார்கள். முன்னால் இடம் காலியாகியும் ஒருவரும் நகரவில்லை. தலைவருக்கு நின்ற அதே வரிசை, அதே மௌனத்தோடு, யாரென்றே தெரியாத ஒருவருக்காக நின்றது.

வண்டி ஊர்ந்து வெளியே வந்தது. ஒரு பெண் தலைவருக்கென்று வைத்திருந்த பூங்கொத்தை ஜன்னல் வழியாக அந்த அம்மாளின் மடியில் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு ஒரு கிழவர், பிறகு பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாளின் முகம் மட்டும்தான் பூவுக்கு மேல் தெரிந்தது. நான் அழுதேன். சொல்லிக்கொள்ள வெட்கம் ஒன்றுமில்லை.

அக்கா அழவில்லை. வண்டி முனை திரும்பும்வரை பார்த்தபடி நின்றார். வரிசை மெல்ல மூடிக்கொண்டது. ஆனால் அந்த உயரமான மனிதர் மட்டும் தனக்கு முன்னால் ஒரு ஆள் இடத்தை விட்டு வைத்துக்கொண்டு, வாருங்கள் என்று அக்காவுக்குக் கை காட்டினார். அங்கிருந்து பாலம் இரண்டு எட்டு. மத்தியானத்துக்குள் மண்டபத்துக்குப் போய்விடலாம். பின்னால் நின்றவர்களும் நில்லுங்கள் என்று தலையசைத்தார்கள்.

அக்கா அந்த இடத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "கடையப் பாத்துக்க. நான் வர நேரமாகும்" என்று குரல் கொடுத்தார். பிறகு, வரிசை போகும் திசைக்கு எதிராக, நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே, கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நிற்பதற்காக நடக்கத் தொடங்கினார்.